முடிவுக் கோட்டைத் தாண்டின பிறகு மாடு எந்தப் பக்கம் போவும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

தை பொறந்துட்டா நம்ம வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கம் எந்த ஊர்ல காளை விடும் விழா நடந்தாலும் மறுநாள் உங்க பேப்பர்ல செய்தி வந்துடுது. இத்தன மாடு ஓடுச்சு, இத்தன விநாடியில வந்த மாட்டுக்கு முதல் பரிசு, கடைசி வரியில மாடு முட்டி இத்தன பேருக்கு காயம், அவ்ளோதான். அந்தக் கடைசி வரியப் பத்திதான் இந்த லெட்டர். முட்டினது எந்த எடத்துல, ஓடுபாதைக்குள்ளயா இல்ல ஓட்டம் முடியற கோட்டைத் தாண்டி வெளிய வந்த பிறகா, அதுக்கு முன்னாடி அந்த மாட்ட எவ்ளோ நேரம் வெயில்ல புடிச்சிக்கிட்டு நின்னாங்க, இதெல்லாம் யாரும் எழுதறதில்ல. எழுதினா நெறைய பேருக்கு ஒரு விஷயம் புரியும்னு எனக்கு தோணுது. கொஞ்சம் நீளமாதான் போவும், வெட்டாம போட்டீங்கன்னா ரொம்ப சந்தோஷம்.

நான் குடியாத்தம் பக்கத்துல ஒரு கிராமம், அரசு மேல்நிலைப்பள்ளியில விலங்கியல் பாடம் எடுக்கறேன். எங்க வீட்ல பெரியப்பா காலத்துலருந்தே ஓட்ட மாடு உண்டு, இப்ப தம்பி வளக்கறான். அதனால விழாவ நிறுத்துங்கன்னு எழுதற ஆள் நான் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன். 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டப்ப எங்க வீட்ல எழவு விழுந்த மாதிரி இருந்துச்சு, 2017ல தமிழ்நாட்டு சட்டம் வந்து அதுல எருது விடும் விழா பேரும் சேந்தப்ப ஊரே கொண்டாடுச்சு, 2023 மே 18ம் தேதி அஞ்சு நீதிபதி பெஞ்ச் அந்த சட்டம் செல்லும்னு சொன்னதுக்கு அப்புறம்தான் பெரியப்பா நிம்மதியா பேசினாரு. விழா நடக்கணும். ஆனா ஒவ்வொரு வருஷமும் வேடிக்க பாக்க போன புள்ளைங்க ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கறதும், மிரண்டு ஓடின மாடு கிணத்துல விழறதும் நடக்கத்தான் வேணுமா? அதுல பெரும்பகுதிய தடுக்க முடியும்னு நான் நம்பறேன்.

எங்க பக்கம் மாடு முட்டினா சொல்ற காரணம் ரெண்டுதான். "அது மொரட்டு மாடுப்பா, அதுக்கு வெறி புடிச்சிட்ச்சி" ஒண்ணு, "அந்தப் பையன் இன்னாத்துக்கு குறுக்க போனான்" இன்னொண்ணு. ரெண்டாவதுல உண்மை இருக்கு. மொதல் காரணத்த என்னால ஒத்துக்கவே முடியல. காலையில எங்க அம்மா கையால கஞ்சித்தண்ணி குடிச்சிட்டு, பக்கத்து வீட்டுக் கொழந்த கழுத்த தடவிக் குடுத்தா கண்ண மூடிக்கிட்டு நிக்கற மாடு, மத்தியானம் ரெண்டு மணிக்கு முன்னபின்ன பாக்காத ஒரு ஆள தூக்கி வீசுதுன்னா நடுவுல அந்த மாட்டு மூளைக்குள்ள ஏதோ நடந்திருக்கு. அது என்னன்னு இன்னிக்கு ஓரளவு தெரியும். எலி, கொரங்கு, கன்னுக்குட்டின்னு வச்சு பல வருஷமா ஆராய்ச்சி பண்ணி எழுதி வச்சிருக்காங்க.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படற ஆராய்ச்சி அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் யூனிவர்சிட்டியில பிட்டா மொகத்தம்ங்கற விஞ்ஞானியோட குழு பண்ணது, 2016ல வெளியாச்சு. எலிங்களுக்கு ஒரு வேல பழக்கினாங்க. இனிப்பு கிடைக்கணும்னா ரெண்டு வழியில ஒண்ண தேர்ந்தெடுக்கணும், சில நேரம் எந்தப் பக்கம்ங்கறத வச்சு, சில நேரம் எங்க லைட் எரியுதுங்கறத வச்சு, விதி நடுவுல மாறும். அப்புறம் பதட்டம் உண்டாக்கற ஒரு மருந்த கொஞ்சமா குடுத்துட்டு, மூளையோட முன்பகுதியில, ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ்னு சொல்றோமே அங்க இருக்கற நியூரான், அதாவது நரம்பு செல், ஒவ்வொண்ணும் எப்படி வேல செய்யுதுன்னு பதிவு பண்ணாங்க. பதட்டமான எலி அப்படியே ஒறஞ்சு போயிடும், ஒண்ணுமே செய்யாதுன்னு நாம நெனப்போம். அப்படி இல்ல. அது வேலய செஞ்சுச்சு. ஆனா லைட் ஒரு பக்கம் இழுக்குது, விதி இன்னொரு பக்கம் போவ சொல்லுதுங்கற மாதிரி ரெண்டு தகவல் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கற நேரத்துலதான் தப்பு எக்கச்சக்கமா ஏறுச்சு. மூளையில பாத்தா, முன்பகுதியே மொத்தமா கொஞ்சம் மந்தமாயிருக்கு, அதுலயும் "இதுதான் விதி, இதப் பாத்து முடிவெடு"ன்னு சொல்ற நியூரானுங்களோட குரல்தான் ரொம்ப அடங்கிப் போயிருக்கு.

இத படிச்சப்ப எனக்கு எங்க ஊர் ஓடுபாதைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. வாடியில இருந்து மாட்ட விடறாங்க, ரெண்டு பக்கமும் சவுக்குக் கம்பு கட்டி தடுப்பு, பின்னாடி ஒரே சத்தம், முன்னாடி தெறந்த வழி ஒண்ணே ஒண்ணு. அங்க மாடு எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்ல. எவ்ளோ பதட்டமா இருந்தாலும் ஓடத் தெரியும், ஓடுது. கோட்டைத் தாண்டின ஒடனே என்ன ஆவுது? தடுப்பு முடிஞ்சு போச்சு. ஒரு பக்கம் வயக்காடு, ஒரு பக்கம் ரோடு, நேர் எதிர்ல கயிறோட ஓடி வர்ற அஞ்சாறு பேர், பைக்க நிறுத்திட்டு செல்போன்ல வீடியோ எடுக்கற பசங்க, பழகின கொரல் ஒண்ணு எங்கியோ கூப்புடுது, பழகாத கொரல் நூறு கத்துது. எந்தப் பக்கம் போறது, யாரு நம்ம ஆளு, யாரு கிட்ட நெருங்க கூடாதுன்னு அங்கதான் அந்த மாடு முடிவெடுக்கணும், அந்த எடத்துக்கு வரும்போதுதான் அதுக்கு முடிவெடுக்கற மூளை மந்தமா கெடக்குது. எங்க பக்கம் நான் பாத்த, கேள்விப்பட்ட காயங்கள்ல நெறைய அந்த முப்பது நாப்பது அடியிலதான் நடந்திருக்கு, இல்லன்னா பாதை நடுவுல ஒருத்தன் எறங்கி நின்னு நேரா ஓடிட்டு இருந்த மாட்ட திடீர்னு "இடமா வலமா"ன்னு யோசிக்க வச்ச எடத்துல.

எலிய வச்சு மாட்ட பத்தி எப்படி சொல்லலாம்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான். மாட்டு மூளையில இந்த நியூரான் பரிசோதனைய அப்படியே பண்ணி பாத்ததா நான் சொல்லல. ஆனா பயத்த கெளப்பற அமிக்டலா, நெனப்ப பதிக்கற ஹிப்போகாம்பஸ், மேல சொன்ன ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ்ங்கற முன்மூளைப் புறணி இதெல்லாம் எலிக்கும் மாட்டுக்கும் நமக்கும் ஒரே அமைப்புல வந்த உறுப்புங்க, பாலூட்டிங்கள்ல பயம் வேல செய்யற வழி அடிப்படையில ஒண்ணுதான். இது புது விஷயமும் இல்ல. 1908லயே யெர்க்ஸ், டாட்சன்னு ரெண்டு பேர் சுண்டெலிய வச்சு ஒண்ணு பாத்தாங்க. வெள்ள பெட்டி எது கருப்பு பெட்டி எதுன்னு கண்டுபுடிக்கற வேல, தப்பா போனா ஷாக். ரெண்டு பெட்டிக்கும் வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சா ஷாக் ஏற ஏற எலி சீக்கிரமா கத்துக்குது. வித்தியாசத்த கொறச்சு கஷ்டமான வேலயா ஆக்கினா அதிக ஷாக்ல எலி தடுமாறுது, மிதமான ஷாக்லதான் நல்லா பண்ணுது. மாட்டுக்காரங்க என்கிட்ட "பயம் இருந்தாதான்மா வேகமா ஓடும்"னு சொல்றப்ப நான் மறுக்கறதில்ல, ஒரே வழியில ஓடற வேலக்கு அந்தப் பேச்சு சரியாவே இருக்கலாம், ஆனா ஓடி முடிச்சு நிக்கற வேலக்கு அதே பயம் வெஷம்.

இந்த பயம் மூளையில எப்படி போவுதுன்னு ரெண்டு வார்த்த. காதுல விழுந்த சத்தம் தலாமஸ்ங்கற எடத்துக்கு வருது, அங்கருந்து ரெண்டு வழி. ஒண்ணு நேரா அமிக்டலாவுக்கு, குறுக்கு வழி, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடும். இன்னொண்ணு மேல இருக்கற புறணிக்கு போயி, என்ன சத்தம், எங்கருந்து வருதுன்னு பாத்துட்டு அப்புறம் அமிக்டலாவுக்கு வரும். ஜோசஃப் லெடூ எலிங்கள வச்சு இத பல வருஷமா வேல பண்ணி காட்டினவரு. அமிக்டலாவுல இருந்து கீழ நடுமூளைக்கு போற வழிதான் ஒறஞ்சு நில்லு, ஓடு, திரும்பி முட்டு இதையெல்லாம் தூண்டுது, இன்னொரு வழி ஹைப்போதலாமஸ் மூலமா நெஞ்சு படபடப்ப ஏத்துது. இதையெல்லாம் அடக்கி "பொறு, இது நம்ம ஆளு கொரல்தான்"னு சொல்ற வேல முன்மூளையோடது. அதத்தான் பதட்டம் மந்தமாக்குதுன்னு மேல சொன்னேன். புதுச்சேரிக்காரரு ஒருத்தர் எங்க ஊர் விழாவுக்கு வந்துட்டு "இவ்ளோ பயிற்சி குடுத்த மாடு ஓனரயே எப்படி முட்டுது"ன்னு ஆச்சரியமா கேட்டாரு, இதுதான் அவருக்கு பதில்.

கொரங்கு வச்சு எம்.ஐ.டி.யில ஆன் கிரேபியல், கென் இச்சி அமெமோரின்னு ரெண்டு பேர் பண்ணது இன்னும் நேரடியா இருக்கும். கொரங்குக்கு ஜூஸ் கெடைக்கும், கூடவே மொகத்துல காத்து பீச்சும், எவ்ளோ ஜூஸ் எவ்ளோ காத்துன்னு முன்கூட்டியே காட்டுவாங்க, வேணுமா வேணாமான்னு கொரங்கு முடிவு பண்ணனும். மூளையோட முன்பக்கத்துல ஆன்டீரியர் சிங்குலேட்ங்கற எடத்துல ஒரு புள்ளிய லேசா மின்சாரத்தால தூண்டினா, அதே ஜூஸ், அதே காத்து, ஆனா கொரங்கு வேணாம்னு ஒதுங்கறது கூடிப்போச்சு. பதட்டத்துக்கு குடுக்கற மாத்திரைய குடுத்ததும் அது பழையபடி ஆயிடுச்சு. 2012ல வந்த ஆராய்ச்சி. வெளிய ஒண்ணுமே மாறல பாருங்க, உள்ள பதட்டத்தோட அளவு மாறினதுமே முடிவு மாறிப்போச்சு.

இப்ப காத்திருக்கற வெஷயத்துக்கு வரேன், இதுதான் எனக்கு நெஞ்சு வலிக்கற எடம். திடீர்னு வர்ற பயம் வேற, எப்ப என்ன வரும்னு தெரியாம மணிக்கணக்கா இழுக்கற கலக்கம் வேற. மைக்கேல் டேவிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் குழு 1990கள்ல எலிங்கள வச்சு காட்டினது, குறிப்பிட்ட ஒரு அறிகுறிக்கு பயப்படறதுக்கு அமிக்டலாவோட மையப்பகுதி வேணும், ஆனா பளீர்னு வெளிச்சம் போட்ட எடத்துல ரொம்ப நேரம் இருக்க வச்சா வர்ற திகிலுக்கு அதுக்குப் பக்கத்துலயே இருக்கற பி.என்.எஸ்.டி.ங்கற இன்னொரு பகுதிதான் வேல செய்யுதுன்னு. இந்த ரெண்டும் அவ்ளோ சுத்தமா பிரிஞ்சு கெடக்கலன்னு பின்னாடி வந்தவங்க சொல்றாங்க, இருந்தாலும் நீண்ட கலக்கத்துக்கு தனி ஏற்பாடு இருக்குங்கறது மாறல. கொலம்பியா யூனிவர்சிட்டியில ஜோஷுவா கார்டன் குழு 2010ல சுண்டெலிங்கள தெறந்த மேடையில விட்டு பாத்தப்ப, ஹிப்போகாம்பஸோட அடிப்பகுதியும் முன்மூளையும் ஒரே தாளத்துல துடிக்க ஆரம்பிச்சது, அந்த ஒத்துழைப்பு பதட்டம் கூடக் கூட அதிகமாச்சு. "இந்த எடம் ஆபத்து, தள்ளிப் போ"ங்கற பேச்சு அந்த ரெண்டு எடத்துக்கும் நடுவுல ஓடிக்கிட்டே இருக்குதுன்னு புரிஞ்சிக்கலாம்.

நம்ம மாடு என்ன பண்ணுது? விடிகாலையில டெம்போவுல ஏத்தி, கட்டி வச்சு, முன்னபின்ன தெரியாத ஊர்ல எறக்கி, டோக்கன் வாங்க, டாக்டர் பாக்க, நம்பர் கூப்புட, முன்னாடி எழுபது எம்பது மாடு இருந்தா மத்தியானம் வரைக்கும் நிக்குது. பக்கத்துலயே பம்பையும் மைக் செட்டும் விசிலும். மாட்டுக்கு நம்மள விட சத்தம் நல்லா கேக்கும், மனுஷன் காதுக்கே எட்டாத 35,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், ரொம்ப நுணுக்கமா கேக்கறது 8,000 ஹெர்ட்ஸ் கிட்ட, கூர்மையான சத்தத்துக்கு காது அவ்ளோ கூர். நாம "கொஞ்சம் சத்தம்தானே"ன்னு விடற விசில் அதுக்கு அப்படி இருக்காது. கண்ணும் அப்படித்தான், தலைய திருப்பாமலே சுத்தி ஏறக்கொறைய எல்லாத்தையும் பாக்குது, பின்னாடி ஒரு சின்ன எடம்தான் தெரியாது, அந்தத் தெரியாத எடத்துலருந்துதான் பசங்க வந்து முதுகுல தட்டறாங்க வால இழுக்கறாங்க. மூணு மணி நேரம் இப்படி நின்ன மாட்ட வாடிக்கு கொண்டு வந்து "இப்ப ஓடு"ன்னா, ஓட ஆரம்பிக்கறப்பவே அதோட முன்மூளை பாதி அணைஞ்சு போயிருக்கும்னு நான் நெனைக்கிறேன்.

ஒரு நாளோட முடியற வெஷயமும் இல்ல இது. பக்கத்துலயே, பெங்களூர்ல என்.சி.பி.எஸ். ஆராய்ச்சி மையத்துல சுமந்திர சட்டர்ஜி குழு 2002ல வெளியிட்டது. எலிங்கள ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் அசைய விடாம புடிச்சு வச்சாங்க, பத்து நாள். ஹிப்போகாம்பஸ்ல நியூரான் கிளைங்க சுருங்கிப் போச்சு. அமிக்டலாவுல அதே நேரத்துல கிளைங்க வளந்துடுச்சு. எதிரெதிரா. அடுத்து அவங்க பாத்தப்ப, 21 நாள் நிம்மதியா விட்ட பிறகு ஹிப்போகாம்பஸ் பழைய நெலமைக்கு வந்துடுது, அமிக்டலாவுல வளந்தது அப்படியே நிக்குது. தை மாசம் தொடங்கி மாசி வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு ஊர்னு மாட்ட ஏத்திக்கிட்டு சுத்தற அண்ணன்மாருங்க இத ஒரு தடவ நெனச்சுப் பாக்கணும். போன வருஷம் நல்லா இருந்த மாடு இந்த வருஷம் கிட்டயே சேக்கலன்னா அதுக்கு வயசோ திமிரோ காரணமா இருக்கணும்னு இல்ல.

மாட்ட வச்சே பண்ண ஆராய்ச்சியும் இருக்கு. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா யூனிவர்சிட்டியில 2013ல, கன்னுக்குட்டிங்களுக்கு செவப்பு திரை, வெள்ளத் திரை காட்டி, ஒண்ண தொட்டா பால், இன்னொண்ண தொடக் கூடாதுன்னு பழக்கினாங்க. அப்புறம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ரோஸ் கலரு காட்டினாங்க. கொம்பு மொளைக்கற எடத்த சூடு போட்டு தீய்ச்ச பிறகு, அதே ரோஸ் கலர பாத்து "இது நமக்கு ஒத்து வராது"ன்னு கிட்ட போவாம நின்ன கன்னுங்க கூடிப்போச்சு. சந்தேகமா இருக்கற எதையும் கெட்டதாவே எடுத்துக்கற புத்தி. 2004ல பிரிஸ்டல்ல எலிங்களுக்கும், 2011ல நியூகாசில்ல தேனீங்களுக்கும் இதே மாதிரி வந்துச்சு, தேனீய ஒரு நிமிஷம் உலுக்கினதுக்கே. நம்ம ஓடுபாதை முடிவுல கயிறோட ஓடி வர்ற ஆளு மாட்டுக்கு நல்லவனா கெட்டவனான்னு தெரியாத, நடுவாந்தரமான ஒரு விஷயம். வலியும் கலக்கமும் இல்லாத மாடு ஒருவேள நின்னு மோந்து பாக்கும். கலங்கிப்போன மாடு அவன கெட்டவன்னே எடுத்துக்கும்.

இவ்ளோ சொல்லிட்டு என்ன பண்ணலாம்னு சொல்லாம விட்டா தப்பு. எனக்கு தோணறத சொல்றேன், விழாக்குழுவுல இருக்கற பெரியவங்களும் கால்நடை டாக்டருங்களும் இத விட நல்லா சொல்லுவாங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் அந்தக் கோடு. தடுப்ப கோட்டோட முடிக்காதீங்க. அதே மாதிரி ரெண்டு பக்கமும் கட்டி, நல்லா நீளமா இழுத்துக்கிட்டு போயி, நாலு பக்கமும் அடைச்ச ஒரு பட்டியில கொண்டு விடுங்க. மாடு வேகம் கொறஞ்சு தானா நிக்கற வரைக்கும் அது முன்னாடி ஒரே வழிதான் இருக்கணும். பட்டிக்குள்ள ஒரு மூலையில அமைதியான ரெண்டு பசுவ கட்டி வையுங்க, தண்ணித் தொட்டி வையுங்க. மாடு கூட்டமா வாழற ஜீவன், தனியா விட்டா அதுக்கு கலக்கம் கூடும், இன்னொரு மாட்ட பாத்தா அதுவே அங்க போயி நிக்கும். வெளிநாட்டுல மாட்டுப் பண்ணைங்களுக்கு கொட்டா வடிவமைச்சுக் குடுக்கற டெம்பிள் கிராண்டின்னு ஒரு அம்மா இருக்காங்க, மெரண்ட மாடு அமைதியாவ 20ல இருந்து 30 நிமிஷம் ஆவும்னு அவங்க திரும்பத் திரும்ப எழுதியிருக்காங்க. நம்ம ஆளுங்க அரை நிமிஷத்துல மூக்கணாங்கயிறு போடப் போறாங்க. அந்த அரை மணி நேரம் பட்டிக்குள்ள ஓனர் ஒருத்தர தவிர யாரும் போவக் கூடாதுன்னு ஒரு விதி போட்டாலே பாதி காயம் கொறையும்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

அடுத்தது காத்திருக்கற எடம். வாடியில இருந்து தள்ளி, மைக் செட்டு ஸ்பீக்கர் வேற பக்கம் பாத்த மாதிரி, நெழல்ல, ஒரே ஊரு மாடுங்கள பக்கத்துல பக்கத்துல கட்டற மாதிரி ஒரு எடம். எல்லா மாட்டையும் காலையிலயே வரச் சொல்லாம, நம்பர் வாரியா நேரம் குடுத்து, அம்பதாம் நம்பர் மாடு பதினோரு மணிக்கு வந்தா போதும்னு செல்போன்ல சொல்லிட முடியாதா? கல்யாண பந்திக்கே இப்ப அப்படித்தானே நேரம் பிரிக்கறோம். கொம்புல பலூன், கண்ணுகிட்ட பளபளன்னு தொங்கற ஜிகினா பேப்பர் இதெல்லாம் அழகுக்கு கட்டறோம், ஆனா ஆடற பொருளும் பளிச்சுன்னு மின்னற பொருளும்தான் மாட்ட சட்டுனு மெரள வைக்கும், பூ கட்டுங்க, கொம்புக்கு வர்ணம் அடிங்க, தொங்கறத விட்டுடுங்க. கண்ணுல மொளகா, வாயில சாராயம் இந்த மாதிரி செய்யறவங்கள பத்தி நான் பேசவே விரும்பல, அது குத்தம், போலீஸ் பாத்துக்கணும்.

மூணாவது பழக்கறது. இதுல எங்க பெரியப்பா சொல்றத சயின்ஸும் சொல்லுது. அவரு மாட்ட விழாவுக்கு முன்னாடி பல நாள் காலி ஓடுபாதைக்கு ஓட்டிக்கிட்டு போயி, சும்மா நடக்க விட்டு, கடைசியில பருத்திக்கொட்டை வச்சு, திரும்பக் கூட்டியாருவாரு. "மாடு அந்த எடத்த பாத்துட்ச்சின்னா அப்பால தெகைக்காது"ம்பாரு. மிலாத், குவர்க்னு ரெண்டு பேர் 2002ல எலிங்கள வச்சு காட்டினது, ஒரு பயம் அடங்கறப்ப பழைய நெனப்பு அழிஞ்சு போறதில்ல, "இங்க ஒண்ணும் ஆவாது"ங்கற புது நெனப்பு ஒண்ணு முன்மூளையோட கீழ்ப்பகுதியில பதியுது, அந்த நியூரானுங்க பேசறப்ப பயம் அடங்குது. புது நெனப்ப உண்டாக்கணும்னா அமைதியான நேரத்துல, திரும்பத் திரும்ப, அந்த எடத்துலயே பழக்கணும். அதனால விழா நடத்தற ஊருங்க, முன்னாடி ஒரு வாரம் சாயங்காலத்துல ஓடுபாதைய தெறந்து விட்டு, வெளியூர் மாட்டுக்காரங்களும் கூட்டிக்கிட்டு வந்து நடக்க விடலாம்னு சொன்னா எவ்ளோ நல்லா இருக்கும். செலவு ஒண்ணும் பெருசா ஆவாது.

"இவ்ளோ தடுப்பு கட்ட காசுக்கு எங்க போறது"ன்னு கேக்கறாங்க. பரிசுக்கு பைக்கு, பிரிட்ஜு, லட்சக்கணக்குல பணம் குடுக்கறோம், ஒரு பரிச கொறச்சா கம்பு வந்துடும். "பயத்த கொறச்சா மாடு மெதுவா ஓடும், விநாடி கணக்கு போயிடும்"னு தம்பி கூட்டாளிங்க சொல்றாங்க. எல்லா மாட்டுக்கும் ஒரே மாதிரி அமைதி குடுத்தா, போட்டி அப்பவும் போட்டிதான். நல்ல மாடு நல்லாத்தான் ஓடும், அத நம்பித்தானே வளக்கறோம். "வேடிக்க பாக்கறவன் வராம போயிடுவான்"ங்கறதுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்ல, ஆனா அப்படி ரத்தம் பாக்கணும்னு வர்றவன் வராம போனா எனக்கு வருத்தம் இல்ல.

பாதை நடுவுல எறங்கற பசங்களுக்கும் ஒரு வார்த்த. நீங்க மாட்டு முன்னாடி நின்னு கைய ஆட்டற அந்த ஒரு நொடியில அதுக்கு இருந்த ஒரே வழிய ரெண்டா ஆக்கிடறீங்க. எந்தப் பக்கம்னு முடிவெடுக்க முடியாத மூளைகிட்ட அந்த கேள்விய கேக்காதீங்க. தடுப்புக்கு வெளிய நில்லுங்க, எவ்ளோ வேணா கத்துங்க, ஆனா பாதைக்குள்ள கால வைக்காதீங்க. உங்க அம்மா வீட்ல வெடிகால வரைக்கும் தூங்காம உக்காந்திருக்கறது எனக்கு தெரியும், எங்க தெருவுல பாத்திருக்கேன்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். உங்க நிருபருங்க விழாவுக்கு போறப்ப விநாடி கணக்கோட இன்னும் மூணு விஷயம் கேட்டு எழுத சொல்லுங்க. காயம் பட்டவங்க ஓடுபாதைக்குள்ள பட்டாங்களா, கோட்டுக்கு அந்தப் பக்கமா. அந்த மாடு எத்தன மணி நேரம் காத்திருந்துச்சு. கோட்டுக்கு அப்பால தடுப்பு எத்தன அடி இருந்துச்சு. ரெண்டு சீசன் இத தொடர்ந்து போட்டீங்கன்னா எந்த ஊர் எப்படி நடத்துதுன்னு மாவட்டம் முழுக்க தெரிஞ்சிடும், கலெக்டர் ஆபீஸ்ல அனுமதி குடுக்கறவங்களுக்கும் கையில ஒரு கணக்கு இருக்கும். எங்க ஊர் விழா மாசியில வருது. கோட்டுக்கு அப்பால நூறு அடிக்கு கம்பு கட்டறதா விழாக்குழுகிட்ட பேசியிருக்கேன், இன்னும் முழுசா ஒத்துக்கல. நிருபர் ஒருத்தர அனுப்புங்க, வந்து அளந்து எழுதட்டும்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருத்தி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.